கிறிஸ்துமஸ் மரம்: படத்தைப் பார்த்து வாங்கி, ஹாலில் வைத்துத் தவிப்பவர்களுக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டு மரத்தின் உச்சி நட்சத்திரத்தைச் சீலிங் ஃபேன் அடித்து வீசியது. வெயிலில் வந்த மாமா, உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் சுவிட்சைத் தட்டினார். முதலில் ஜிகினா பறந்தது, அடுத்து நட்சத்திரம். அது போய் விழுந்தது இயேசு பிறந்த குடிலில் படுத்திருந்த மாட்டுப் பொம்மையின் மேல். உயரம் போதவில்லை என்று ஏழரை அடி மரத்தை முக்காலியின் மேல் ஏற்றி வைத்தது நான்தான். டிசம்பரிலும் பகல் ஒரு மணிக்கு ஃபேன் கேட்கும் ஊர் சேலம். கைபேசியில் நான் பார்த்து ஆசைப்பட்ட படத்தில் ஃபேன் இல்லை, கணப்பு அடுப்புதான் இருந்தது.

மர அலங்காரத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இப்படித்தான் பிறக்கின்றன. பனி பெய்யும் ஊரில், கதவைச் சாத்திய வீட்டில் எடுத்த படத்தை, மாலை முழுவதும் வாசல் கதவு திறந்திருக்கும் நம் ஹாலுக்குள் அப்படியே இறக்கப் பார்க்கிறோம்.

ஆகவே மரம் வாங்குமுன் அளவு நாடாவை எடுங்கள். கடையில் சொல்லும் அடிக்கணக்கு உயரத்துக்கு மட்டும்தான். அடர்த்தியான 6 அடி மரத்தை விரித்தால் கீழ்ப்பகுதி மூன்றரை, நான்கு அடி அகலம் பிடிக்கும். சோபாவை நகர்த்தி, கதவைப் பாதி சாத்தி, டிசம்பர் முழுவதும் ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கும். இப்போது பென்சில் மரம் என்று ஒல்லியான ஒன்று வருகிறது. இரண்டடி அகலத்தில் நின்றுகொள்ளும். இந்தப் புதிய பாணிகளில் நம் வீடுகளுக்கென்றே செய்ததுபோல் இருப்பது இது ஒன்றுதான். ஃபேன் இறக்கை சுற்றும் வட்டத்துக்குள் மட்டும் எதையும் நிறுத்தாதீர்கள்.

நிஜ மரம்தான் வேண்டும் என்பவர்கள் ஏற்காட்டுக்குப் போவார்கள். நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று கேட்டால் தருவது அரக்கேரியா. அது பைன் இனமே இல்லை. பசிபிக் தீவுகளில் இருந்து வந்த, வேறு குடும்பத்து மரம். அடுக்கடுக்காகக் கிளை விடும் அழகில் நானும் மயங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்துக் கீழே இறக்கினேன். வீட்டுக்கு வந்ததும் நட்சத்திரம் உட்கார வேண்டுமே என்று நுனிக் குருத்தைக் கத்தரித்தேன். இந்தச் செடிக்கு அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. நுனி போனால் பழையபடி நேராக, ஒழுங்காக உயராது. பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தாலும் அது படுத்துத்தான் வளரும். இருட்டு மூலையில் வைத்தால் கீழ்க் கிளைகள் காய்ந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் திரும்பத் துளிர்க்காது. ஸ்ப்ரே பனி அடித்தால் இலைக்கு வெளிச்சம் போகாது. எனவே ஜன்னலோரம் வையுங்கள். கனமில்லாத பத்துப் பதினைந்து பொருள்களை மட்டும் தொங்கவிடுங்கள். நட்சத்திரத்தைச் செடிக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சியில் கட்டிவிட்டால் குருத்துக்குச் சேதம் இல்லை. விழா முடிந்ததும் நிழலான வெளியிடத்துக்கு மாற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

பிளாஸ்டிக் மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் நடப்பது வேறொரு சோம்பேறித்தனம். பெட்டியில் இருந்து எடுத்த மரம் மடக்கிய குடைபோல் இருக்கும். அதை அரைகுறையாக விரித்து, தெரியும் ஓட்டைகளை ஜிகினாவால் மூடுகிறோம். இந்த ஓட்டைகள்தான் பிறகு செலவாக மாறுகின்றன. ஒவ்வொரு கிளையையும் தண்டை ஒட்டிய இடத்தில் இருந்து நுனிவரை பிரிக்க வேண்டும்: ஒரு நுனி மேலே, ஒன்று இடப்புறம், ஒன்று வலப்புறம். 6 அடி மரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், விரலும் வலிக்கும். அந்த வேலை முடிந்த மரத்துக்குப் பாதிப் பொருள்களே போதும்.

ஜிகினாவை நான் வெறுக்கவில்லை. ஏற்காட்டில் அம்மாயி வீட்டில் சவுக்குக் கிளையை மண் தொட்டியில் நட்டு, அதில் ஜிகினாவைச் சுற்றி, பஞ்சைப் பிய்த்துப் பனியாக ஒட்டித்தான் வளர்ந்தோம். ஆனால் நான் சேலத்தில் முதன்முதலாக ஜிகினாவால் மூடி அலங்கரித்த மரத்தைப் பார்த்த அதே அம்மாயி, “மரம் எங்கே கண்ணு?” என்று கேட்டார். அன்று புரியவில்லை. பஞ்சைப் பற்றி இன்னொன்று: சூடாகும் பழைய பல்புக்குப் பக்கத்தில் அதை வைப்பது நெருப்போடு விளையாடுவது. எல்.இ.டி. என்றாலும் பஞ்சு ஒரே வாரத்தில் தூசி பிடித்துச் சாம்பல் நிறமாகிவிடும். விட்டுவிடுங்கள்.

இனி விளக்கு. இதில்தான் ஒரு மரம் பிழைப்பதும் கெடுவதும். பெரும்பாலான வீடுகளில் உருண்டை, மணி, பொம்மை எல்லாம் மாட்டி முடித்துவிட்டுக் கடைசியில் சீரியல் செட்டை மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதுபோல் கட்டுகிறார்கள். விளக்குதான் முதலில் ஏற வேண்டும். அதுவும் வெளியே சுற்றக் கூடாது. தண்டில் இருந்து கிளை வழியாக நுனிவரை வந்து, அதே கிளை வழியாகத் தண்டுக்குத் திரும்பி, அடுத்த கிளைக்குப் போக வேண்டும். உள்ளே இருந்து வெளிச்சம் வரும்போது மரத்துக்கு ஆழம் கிடைக்கிறது. வயரும் கண்ணில் படாது. 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டு மரத்தில் முதன்முதலாக மின்விளக்கு ஏற்றியபோது மொத்தம் 80 பல்புகள்தான். சிவப்பு, வெள்ளை, நீலம். அடிக்கு 100 பல்பு என்று இன்று இணையத்தில் சொல்லும் கணக்கைக் கேட்டுப் பதற வேண்டாம். கிளையோடு உள்ளே ஓட்டினால் அடிக்கு 50 போதும் என்பது என் அனுபவம். 6 அடிக்கு நூறு பல்பு செட் மூன்று.

அடுத்தது நிறம். வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் சாயல் வெள்ளை, என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் நல்லது; கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். நீலம் பாய்ந்த வெள்ளை, மரத்தை மருந்துக்கடை ஆக்கிவிடும். வாங்கி வந்து மாட்டிய பின்பும் படத்தில் பார்த்த மஞ்சள் இதம் வரவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். நிமிர்ந்து பாருங்கள், டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். 6500 கெல்வின் வெளிச்சத்தில் எந்தச் சீரியல் செட்டும் எடுபடாது. மாலையில் டியூப் லைட்டை அணைத்து, ஓரமாக ஒரு மஞ்சள் பல்பைப் போடுங்கள். காசு செலவில்லாத திருத்தம் இது. விளக்குகள் மினுக்கும் விதத்தை மாற்ற ஒரு பொத்தான் இருக்கும். அதில் எட்டு விதம் இருந்தாலும் நிலையாக எரிவது ஒன்றே கண்ணுக்கு நல்லது. கேரல் பாட வந்தவர்கள் பாடி முடிப்பதற்குள் தலைவலி வரவழைக்கும் மரங்களைப் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. ப்ளக் இல்லாமல் வரும் மலிவு செட்டின் இரண்டு வயர்களையும் தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் செருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. மரத்தின் தண்டும் காலும் இரும்பு. உரிந்த வயர் அதில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

உருண்டைகளை மாட்டும்போது பெரியதை நுனியில் தொங்கவிடுவது வழக்கம். மாற்றிச் செய்யுங்கள். பெரியதும் பளபளப்பானதும் தண்டுக்கு அருகே, உள்ளே. அவை விளக்கைப் பிரதிபலிக்கும். சிறியவை நுனிக்கு. அவ்வளவுதான்.

இந்த இரண்டு மூன்று வருடங்களாக எங்கு பார்த்தாலும் பெரிய வெல்வெட் ரிப்பன் முடிச்சுகள், அடர்ந்த பர்கண்டி நிறம். நல்ல பாணிதான். தவறு என்னவென்றால், ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் சாட்டின் ரிப்பனில் அதைக் கட்டுவது. மறுநாளே நனைந்த காதுபோல் தொங்கிவிடும். ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்த ரிப்பன்தான் நிமிர்ந்து நிற்கும். அது கிடைக்கவில்லை என்றால் வீட்டுப் பீரோவைத் திறங்கள். பர்கண்டி என்று உலகம் கொண்டாடுவதை நம் சேலைக் கடைகளில் அரக்கு என்பார்கள். உடல் நைந்துபோன சேலையிலும் ஜரிகைக் கரை பெரும்பாலும் திடமாக இருக்கும். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நெய்த அம்மாவின் பழைய சேலையின் கரையை இரண்டரை அங்குல அகலத்துக்கு நறுக்கி, பின்பக்கம் பைண்டிங் கம்பியை மடித்துத் தைத்து ஒன்பது முடிச்சுகள் செய்தேன். ஒன்பதுக்கு மேல் போனால் மரம் பரிசுப் பொட்டலம் ஆகிவிடுகிறது. இந்த நிறத்தோடு நீல வெள்ளை விளக்கைச் சேர்த்தால் அரக்கு கறுப்பாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பாணி, இயற்கைப் பொருள்கள்: உலர்த்திய ஆரஞ்சு வில்லை, இலவங்கப் பட்டை, சிவந்த காய்கள். படத்தில் தேன் ஒழுகும் அழகு. நம் வீட்டில் அந்தத் தேனுக்கு எறும்பு வரும். சரியாக உலராத ஆரஞ்சு வில்லையைச் சேலத்தில் இரண்டே நாளில் எறும்பு வரிசை கண்டுபிடித்துவிடும். ஏற்காட்டு மூடுபனியில் பூசணம் பிடிக்கும். மிட்டாய்க் கோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காப்பி எஸ்டேட்டில் அந்தச் சமயம் பழம் பறிப்பு நடக்கும். சிவப்புப் பழத்தைக் கொத்தோடு கொண்டுவந்து தொங்கவிட ஆசை வரும். சில நாளில் சுருங்கிக் கறுத்து உதிரும், மிதித்தால் தரையில் கறை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இருந்து கொண்டுவர உருப்படியான பொருள் சில்வர் ஓக் இலை. காப்பிக்கு நிழல் தரும் மரம் அது. மிளகுக் கொடி ஏறுவதும் அதன் மேல்தான். கீழே விழுந்து கிடக்கும் இலையைத் திருப்பிப் பாருங்கள்: பெரணி போன்ற வெட்டு, அடிப்புறம் வெள்ளி. நாளிதழுக்கு நடுவே ஒரு வாரம் அழுத்தி வைத்து, வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும்படி கிளைக்குள் செருகினால் கடையில் வாங்கும் மினுமினுப்பு எதுவும் அதற்கு ஈடாகாது. மலையிலேயே வீடு உள்ளவர்கள் காகித நட்சத்திரங்களையும் இரும்புக் கொக்கிகளையும் தவிர்க்கலாம். ஈரத்தில் ஒன்று தொய்யும், மற்றது துருப்பிடிக்கும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை தெரிந்தவர்கள் உதிரிச் சலங்கைகளைக் கோத்துத் தொங்கவிடுவதுண்டு. காற்றில் மெல்ல ஒலிக்கும். அசல் வெள்ளி என்றால் ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நூல் போதும்.

படங்களில் மரத்தடி முழுக்கப் பரிசுப் பெட்டிகள் இருக்கும். அதைப் பார்த்து வெற்று அட்டைப் பெட்டிகளுக்கு வண்ணத் தாள் சுற்றி அடுக்கிவிட்டு, குடிலை டிவி மேசைக்கு அனுப்பிய வீடுகளை எனக்குத் தெரியும். எனக்கு இதில் சமரசம் கிடையாது. பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகோ நெல்லோ தூவி, முளைத்த பச்சையைக் குடிலுக்குள் வைக்கும் வீட்டில், மரம் குடிலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மரத்தின் கீழ்க் கிளைகளில் விளக்கை அடர்த்தியாக ஓட்டினால் குடிலுக்குத் தனி விளக்கே தேவைப்படாது.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் பிரிக்கும் வேலை. உருண்டைகளைச் சாக்கில் கொட்டாதீர்கள். நாமக்கல் முட்டை வரும் 30 குழி அட்டைகளை மளிகைக் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். குழிக்கு ஒன்றாக வைத்து, மேலே இன்னோர் அட்டையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். சீரியல் செட்டைப் பந்தாகச் சுருட்டாமல், கெட்டி அட்டையில் சுற்றி ப்ளக்கை வெளியே விடுங்கள். சுற்றுவதற்கு முன் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். எரியாததை அன்றே எறியாமல் பெட்டியில் போட்டு வைத்தவர்கள் டிசம்பர் 23 இரவு ஒன்பது மணிக்குக் கடைவீதியில் வார்ம் ஒயிட் தீர்ந்துபோன கடைகளில் ஏறி இறங்குவார்கள். போன வருடம் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நீல வெள்ளைதான் கிடைத்தது.