மெய்நிகர் இயந்திரத்துக்குள் வன்பொருள் இன்டரப்டுகளைச் சரியாகக் கையாளும் முறை

ஒரு பிசிஐ சாதனத்தை மெய்நிகர் இயந்திரத்திடம் நேரடியாக ஒப்படைக்கும்போது, அதன் பதிவேடுகளையும் நினைவகப் பகுதிகளையும் கெஸ்டின் (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் இயங்குதளத்தின்) கண்ணுக்குக் காட்டிவிடுவது எளிது; சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ இருந்தால், சாதனமே நேராக நினைவகத்தில் படித்தெழுதும் டிஎம்ஏவும் பெரிய தொல்லை தராது. தன்னைக் கவனிக்குமாறு சாதனம் செயலியை அழைக்கும் இன்டரப்ட் அப்படியன்று. சாதனம் எழுப்பும் சைகை முதலில் வந்து சேர்வது ஹோஸ்டின், அதாவது மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் உண்மைக் கணினியின், செயலியிடம். அதற்கு விடை சொல்ல வேண்டிய டிரைவர் இருப்பதோ கெஸ்டுக்குள். சைகையை உள்ளே செலுத்துவது சிறிய வேலைதான். கெஸ்ட் அதைக் கவனித்து முடித்துவிட்டதா என்பதை ஹோஸ்ட் எப்படி அறிவது என்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. எக்ஸ்86 கணினியில் லினக்ஸ், அதன் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம், மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் க்யூஎமு, சாதனத்தைக் கெஸ்டிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ ஆகியவற்றை வைத்து இதை முறையாக அமைக்கும் வழியை இங்கே காண்போம்.

எதையும் மாற்றுவதற்கு முன், சாதனம் எந்த வகை இன்டரப்டைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். பழைய வகை இன்ட்-எக்ஸ். அதில் நான்கே கம்பிகள். பல சாதனங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். சாதனத்தின் குறை தீரும்வரை கம்பி சைகை காட்டும் நிலையிலேயே நிற்கும். புதிய வகையான எம்எஸ்ஐயில் கம்பியே இல்லை. குறிப்பிட்ட ஒரு முகவரியில் சாதனம் ஒரு மதிப்பை எழுதுகிறது, அந்த எழுத்தே இன்டரப்ட் ஆகிறது. எம்எஸ்ஐயில் ஒரு சாதனம் 32 வரையும், எம்எஸ்ஐ-எக்ஸில் 2,048 வரையும் இன்டரப்டுகளை வைத்துக்கொள்ளலாம். எழுதியதோடு சாதனத்தின் பங்கு முடிந்துவிடுவதால், கெஸ்ட் விடை சொல்லும்வரை எதையும் பிடித்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் ஹோஸ்டுக்கு இல்லை. எனவே சாதனம் எம்எஸ்ஐயை ஆதரித்தால் வேறு யோசனையே வேண்டாம், அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. ஹோஸ்டில் ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால், சாதனத்தின் பிசிஐ முகவரியோடு விஎஃப்ஐஓ-எம்எஸ்ஐ என்றோ விஎஃப்ஐஓ-எம்எஸ்ஐ-எக்ஸ் என்றோ விஎஃப்ஐஓ-இன்ட்எக்ஸ் என்றோ ஒரு வரி தெரியும். கெஸ்டில் சாதனத்துக்கு ஏதாவது வேலை கொடுத்துவிட்டு அதே கோப்பைச் சில நொடிகள் கழித்து மீண்டும் பார்த்து, எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனியுங்கள். விண்டோஸ் கெஸ்டாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் ரிசோர்சஸ் பக்கத்தைப் பாருங்கள். ஐஆர்க்யூ (இன்டரப்ட்) எண் எதிர்மமாக இருந்தால் எம்எஸ்ஐ. நேர்மமாக இருந்தால் பழைய கம்பி முறை. கிராஃபிக்ஸ் அட்டையோடு வரும் ஒலிப் பகுதி பெரும்பாலும் பழைய முறையிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ஒலி கரகரப்பதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. ரிஜிஸ்ட்ரியில் அச்சாதனத்தின் இன்டரப்ட் மேனேஜ்மென்ட் கிளைக்குக் கீழே எம்எஸ்ஐ-சப்போர்டட் மதிப்பை 1 ஆக்கி, கெஸ்டை மறுதொடக்கம் செய்தால் மாறும். ஆனால் சாதனத்துக்கு எம்எஸ்ஐ திறன் உண்டா என்று உறுதிசெய்துகொள்ளாமல் அம்மதிப்பைத் தொட வேண்டாம்.

இன்ட்-எக்ஸைத் தவிர்க்கவே முடியாத சாதனங்கள் உண்டு. அங்கே நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஒரு பழைய ஒலி அட்டை கம்பியில் சைகை எழுப்புகிறது. ஹோஸ்டில் உள்ள விஎஃப்ஐஓவின் கையாளி, அட்டையின் நிலைப் பதிவேட்டைப் படித்து, இன்டரப்ட் இதனுடையதுதானா என்று கேட்கிறது. ஆம் எனில், கட்டளைப் பதிவேட்டில் இன்ட்-எக்ஸைத் தடுக்கும் பிட்டை ஏற்றி அட்டையின் வாயை அடைத்துவிட்டு, ஐஆர்க்யூ-எஃப்டி என்னும் அறிவிப்புத் தடம் வழியாகக் கேவிஎம்முக்குத் தகவல் தருகிறது. கேவிஎம் அதைக் கெஸ்டின் மெய்நிகர் இன்டரப்ட் கட்டுப்படுத்திக்குள் செலுத்துகிறது. கெஸ்டின் டிரைவர் தன் வேலையை முடித்து இஓஐ (இன்டரப்ட் முடிந்தது என்னும் அறிவிப்பு) அனுப்பும்போது, ரீசாம்பிள்-எஃப்டி என்னும் எதிர்த் தடம் வழியாக விஎஃப்ஐஓவுக்குச் செய்தி திரும்பி, அது அடைப்பை நீக்குகிறது. கம்பியில் சைகை இன்னும் நின்றால் சுற்று மறுபடி தொடங்கும். வாயை அடைக்காமல் விட்டால், கெஸ்ட் ஓடத் தொடங்குமுன்பே அதே இன்டரப்ட் ஹோஸ்டை மீண்டும் மீண்டும் தாக்கி, வேறெதையும் செய்யவிடாது.

இந்த ஏற்பாடு முழுவதும், அட்டை தன் நிலைப் பதிவேட்டில் உண்மையைச் சொல்லும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. சில அட்டைகள் பொய் சொல்கின்றன. அப்போது இன்டரப்ட் என்னுடையதன்று என்று எல்லா டிரைவர்களும் கைவிரித்துவிடும்; 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால், லினக்ஸ் கர்னல் ‘நோபடி கேர்ட்’ (யாரும் கவனிக்கவில்லை) என்று தன் செய்திப் பதிவில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே மூடிவிடும். அதே கம்பியில் இருந்த யுஎஸ்பி கட்டுப்படுத்தியும் கூடவே ஊமையாகிவிடுவதால், பழி பல நேரங்களில் ஒரு பாவமும் அறியாத விசைப்பலகையின் மேல் விழும். இதற்கு மாற்று, விஎஃப்ஐஓ-பிசிஐ தொகுதியை நோ-இன்ட்எக்ஸ்-மாஸ்க் என்னும் அளவுருவோடு ஏற்றுவது. அப்போது அட்டைக்குப் பதிலாகக் கம்பியே ஹோஸ்டில் தடுக்கப்படும். அதற்காக அந்தக் கம்பி அச்சாதனத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். வேறு டிரைவரும் அதைப் பிடித்திருந்தால் இன்டரப்டைப் பெறும் முயற்சியே தோல்வியடையும். மற்றச் சாதனத்தை அதன் டிரைவரிலிருந்து விடுவியுங்கள், அல்லது அட்டையை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எம்எஸ்ஐ வெறும் நினைவக எழுத்து என்பதால், சாதனத்தைக் கையில் வைத்திருக்கும் கெஸ்ட், டிஎம்ஏ மூலம், செயலியின் இன்டரப்ட் கட்டுப்படுத்தியான லோக்கல் ஏபிஐசிக்கென ஒதுக்கப்பட்ட முகவரியில் தான் விரும்பும் மதிப்பை எழுதி, ஹோஸ்டில் பொய்யான இன்டரப்டுகளை எழுப்ப முடியும். இதைத் தடுப்பது ஐஓஎம்எம்யூவின் இன்டரப்ட் ரீமேப்பிங் வசதி. துவக்கப் பதிவுகளில் அது இயக்கப்பட்டதாக வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையேல் முதலில் பயாஸ் அமைப்பைத் திருத்துங்கள். அலவ்-அன்சேஃப்-இன்டரப்ட்ஸ் என்ற அளவுருவை இயக்கினால் எல்லாம் ஓடிவிடும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஓடும்தான், ஆனால் பெயரிலேயே ஆபத்து என்று எழுதி ஒட்டியிருக்கும் அமைப்பை, நம்பத்தகாத கெஸ்டுகள் ஓடும் கணினியில் இயக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

இனி வேகம். கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும் செயலிக் கோருக்கு இன்டரப்ட் வந்தால், வழக்கமாக அது கெஸ்டை விட்டு வெளியேறி, ஹோஸ்டில் இன்டரப்டைப் பெற்று, மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியின் கேவிஎம் ஸ்டாட் பிரிவில் எக்ஸ்டர்னல் இன்டரப்ட் என்ற காரணத்தால் நேரும் வெளியேற்றங்கள் மிகுதியாகத் தெரிந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். இன்டெலின் ஏபிஐசி-வி, ஏஎம்டியின் ஏவிஐசி ஆகிய செயலி வசதிகள் இந்தச் செலவைக் குறைக்கின்றன. இன்டெலின் ஐஓஎம்எம்யூவான விடி-டியில் போஸ்டட் இன்டரப்ட் வசதியும் இருந்தால், சாதனத்தின் இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் செயலியையே நேராகச் சென்றடையும். அப்போது ஹோஸ்டின் இன்டரப்ட்ஸ் கோப்பில் அச்சாதனத்தின் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும். பழுது என்று நினைத்துப் பதற வேண்டாம், கெஸ்டின் உள்ளே அதே கோப்பைப் பார்த்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்.

ஏபிஐசி-வி இருந்து, விடி-டியின் அந்த வசதி இல்லாத கணினியில் இன்டரப்டை எந்தக் கோருக்கு அனுப்புவது என்பது முக்கியமாகிறது. மெய்நிகர் செயலி ஓடும் அதே கோருக்கு அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வெளியேற்றம் நேரும். அதே நூமா கணுவில் (ஒரே அருகமை நினைவகத்தைக் கொண்ட கோர்களின் தொகுதியில்) உள்ள பக்கத்துக் கோருக்கு அனுப்பினால், அது இன்டரப்டைப் பெற்று, கெஸ்டை வெளியேற்றாமலே அறிவிப்பைச் சேர்த்துவிடும். அந்த இன்டரப்டின் எஸ்எம்பி-அஃபினிட்டி-லிஸ்ட் கோப்பில் கோரின் எண்ணை எழுதி அமைக்கலாம். இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஐஆர்க்யூ-பேலன்ஸ் சேவை அதை மாற்றிவிடாதபடி விலக்கி வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இன்ட்-எக்ஸ் சாதனம் முரண்டு பிடித்தால், க்யூஎமுவில் எக்ஸ்-நோ-கேவிஎம்-இன்ட்எக்ஸ் விருப்பத்தை இயக்கிச் சோதியுங்கள். அப்போது இன்டரப்ட் வந்ததும், சாதனத்தின் நினைவகப் பகுதிக்கான நேரடி வழியை க்யூஎமு மூடிவிட்டு, கெஸ்ட் அப்பகுதியை முதன்முதலாகத் தொடுவதையே விடையாகக் கருதும். இயல்பாக 1,100 மில்லிவினாடிகள் புதிய இன்டரப்ட் ஏதும் வராதபோதே அவ்வழி மீண்டும் திறக்கப்படும். இது மெதுவான வழி. ஆனால் இதில் சாதனம் ஒழுங்காக இயங்கினால், கோளாறு ரீசாம்பிள் வழியில் இருக்கிறது என்று கொண்டு அங்கே தேடத் தொடங்கலாம்.