செயற்கைக் காலோடு மலையேற: பாதத்தை விடுங்கள், சாக்கெட்டைப் பாருங்கள்

செயற்கைக் காலோடு மலையேற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தப் பாதம் வாங்கலாம், கார்பன் ஃபைபரா, எவ்வளவு ஆகும் என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். மேலே போவதா திரும்புவதா என்பது, வெட்டியது போக மிச்சமிருக்கும் கால் பகுதி, அதாவது ஸ்டம்ப், சாக்கெட்டுக்குள் (செயற்கைக் காலின் மேல்முனையில் ஸ்டம்பை நுழைக்கும் கூடு) எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. (முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்காக எழுதுகிறேன். முழங்காலும் போயிருந்தால் கணக்கே வேறு.)

நடக்க நடக்க ஸ்டம்ப் சுருங்கும். காலையில் கச்சிதமாக இருந்த சாக்கெட் மதியத்துக்குள் லொடலொடக்கும், ஸ்டம்ப் கீழே இறங்கி எலும்பு முனை அடிவாங்கும். அதனால் வெவ்வேறு தடிமனில் ஸ்டம்ப் சாக்ஸ் (ஸ்டம்பில் மாட்டும் உறைகள்) கைக்கு எட்டும் பையிலேயே இருக்கட்டும்; தளர்ந்த மாதிரி தோன்றினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கூடுதலாக ஒன்றைப் போடுங்கள், கூட வருகிறவர்கள் காத்திருக்கட்டும், பரவாயில்லை. தோலை ஒட்டி ஸ்டம்பில் மாட்டும் சிலிகான் லைனருக்குள் வியர்வை தேங்கினால் கால் வழுக்கும், உரசும், கொப்புளம் வரும். அடிக்கடி கழற்றித் துடையுங்கள். கழற்றிக் கால் மணி நேரம் ஆகியும் தோலில் சிவப்பு மறையவில்லையா, அன்றைக்கு நடை அவ்வளவுதான். ராத்திரி லைனரை வெளியே போட்டுவிடாமல் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைப் பாதத்துக்குப் பனிக்கடி கிடையாது, ஆனால் தழும்பேறிய ஸ்டம்புக்கு நிச்சயம் உண்டு.

அடுத்தது பூட்ஸ். உங்கள் செயற்கைக் கால் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குச் சரிசெய்யப்பட்டது. மலையேற்ற பூட்ஸின் குதிகால் அதைவிட உயர்ந்தால் உடம்பு முன்னால் தள்ளப்படும். பூட்ஸைக் கையோடு கொண்டுபோய், செயற்கைக் கால் பொருத்துபவரிடம் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். 1982இல் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் மலையில் பனிப்புயலில் சிக்கி இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்த பாறையேறி ஹியூ ஹெர், பாறை விளிம்பில் நிற்கக் குட்டிப் பாதமும் பனிக்கு டைட்டானியம் கூர்முனையும் தனக்குத் தானே செய்துகொண்டார், தன் உயரத்தைக்கூடக் கூட்டிக் குறைத்தார். மனிதக் கால் மாதிரியே இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்தும். கணுக்கால் மடங்காது, பாதம் எதில் படுகிறது என்றும் தெரியாது, எனவே ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து வைக்க வேண்டும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல், வளைந்து வளைந்து இறங்குவது, அவ்வளவுதான் ரகசியம்.

பழுதுபார்க்கும் பையை மறக்காதீர்கள்: ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி), உபரி லைனர், போல்ட், டக்ட் டேப். 2006இல் இரண்டு காலும் இல்லாமல் முதன்முதலில் எவரெஸ்ட் ஏறிய நியூசிலாந்துக்காரர் மார்க் இங்கிலிஸுக்கு 6,400 மீட்டர் வாக்கில் செயற்கைக் கால் உடைந்தது. டேப் சுற்றித்தான் சமாளித்தார், அப்புறம் கீழிருந்து மாற்றுக் கால் வந்தது.

பெரிய மலை என்றால் பணம் கட்டும் முன் அனுமதி விதியையும் கேட்டுவிடுங்கள். 2017 கடைசியில் நேபாளம் இரு கால் இழந்தவர்களுக்குத் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகுதான் 2018 மே மாதம் சீனாவின் சியா போயு, 69 வயதில், எவரெஸ்ட் உச்சியைத் தொட முடிந்தது. 1975இல் அதே மலையில்தான் அவர் பாதங்களைப் பனிக்கடிக்குப் பறிகொடுத்திருந்தார்.