உங்கள் 'பர்சனல் ஈக்வேஷன்' எவ்வளவு? அரியமான் கடற்கரையில் அளந்து பார்க்கலாம்

1796-ல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத் தலைவர் மாஸ்கலைன் தன் உதவியாளர் கின்னப்ரூக்கை வேலையைவிட்டு நீக்கினார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை அவர் தன்னைவிட 0.8 விநாடி பிந்திக் குறிக்கிறார் என்பதுதான் குற்றம். 0.8 விநாடியில் பூமி நிலநடுக்கோட்டில் சுமார் 370 மீட்டர் சுழன்றுவிடும், லேசான விஷயமில்லை. ஆனால் பின்னால் ஜெர்மன் வானியலாளர் பெசல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தேர்ந்த ஆட்களுக்குள்ளேயே இப்படி நிலையான வித்தியாசம் இருந்தது. ஆளுக்கேற்ற அந்தத் திருத்தம்தான் பர்சனல் ஈக்வேஷன். பழைய வானியலில் ஈக்வேஷன் என்றால் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய திருத்தம்.

சரி, செய்முறை.

1. பைனாகுலரின் ஒரு குழலை மூடி, மற்றதால் சூரியனை வெள்ளை அட்டையில் விழவையுங்கள். அதன் வழியாகக் கண்ணால் பார்க்கவே கூடாது. டிரைபாடை மணலில் ஊன்றினால் கால் இறங்கிக்கொண்டே போகும். சிமெண்ட் தளம் தேடுங்கள். ஆனி, ஆடி கச்சான் காற்றில் முயலவே வேண்டாம்.

2. பிம்பம் நகரும் திசைக்குக் குறுக்கே 5 கோடுகள். கிரீனிச்சிலும் 5 கம்பிகள்தான்.

3. இருவர், இரண்டு போன். இங்கேதான் கவனம். "ஒன்னு, ரெண்டு, மூனு" சொல்லி ஸ்டாப்வாட்சைத் தட்டினால், நாம் அளக்க வந்த தாமதம் தொடக்கத்திலேயே கலந்துவிடும். ஸ்டாப்வாட்ச் செயலியே வேண்டாம். இரண்டு போனிலும் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். இரண்டு பதிவுக்கும் அந்தச் சத்தம்தான் பூஜ்யம். பிம்பத்தின் விளிம்பு கோட்டைத் தொடும்போதெல்லாம் அவரவர் போனை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். அப்புறம் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு தட்டலும் முள்மாதிரி நிற்கும்.

4. கோட்டுக்குக் கோடு, மற்றவர் நேரத்திலிருந்து உங்கள் நேரத்தைக் கழியுங்கள். வித்தியாசங்களின் சராசரிதான் உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள ஈக்வேஷன். சராசரியைச் சுற்றியுள்ள சிதறல் தற்செயல் பிழை. சராசரியில் அதன் பாதிப்பு கோடு கூடக்கூட அடங்கும். ஈக்வேஷன் அடங்காது, ஆயிரம் கோடு போட்டாலும்.

பின்சேர்க்கை: "பக்கத்தில் தட்டும் சத்தம் கேட்டு என் கையும் போகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். போனைத் துண்டில் சுற்றித் தட்டுங்கள். வித்தியாசம் ஆளுடையதா, உட்கார்ந்த கோணத்துடையதா என்று சந்தேகம் வந்தால் இடம் மாறி உட்காருங்கள். குறி தலைகீழானால் கோணம்; அப்படியே இருந்தால் ஆள்.