எக்கோலிங்க்கில் முதல் அழைப்பு

ஆன்டெனா கட்ட இடமில்லை என்று ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமத்தை மேசை டிராயரில் போட்டு வைத்திருப்பவர்களிடம் நான் எக்கோலிங்க்கைத்தான் சொல்வேன். ஜொனாதன் டெய்லர் 2002இல் வெளியிட்ட, ஹாம்கள் இணையம் வழியாகப் பேச உதவும் இலவச மென்பொருள் இது. விண்டோஸ் கணினியோ கைப்பேசியோ இருந்தால் தொலைதூர ரிப்பீட்டரில் (வரும் அலையை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையத்தில்) உங்கள் குரல் ஒலிக்கும். அப்படி வானலையில் ஏறுவதால்தான் உரிம நகலைக் கேட்டு, கால் சைனை (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறியை) சரிபார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். இதில் எனக்குக் குறையே இல்லை.

கணினியில் நிறுவும்போது 'சிங்கிள் யூசர்' போதும். 'சிஸாப்' என்ற மற்றொரு முறை, ரேடியோவையும் கணினியையும் இணைத்துத் தனி லிங்க் (இணையத்தையும் வானலையையும் சேர்க்கும் நிலையம்) நடத்துபவர்களுக்கு. அதற்கு உங்கள் நாட்டு விதிகளையும் பார்க்க வேண்டும்.

பலர் கைவிடுவது ரவுட்டரில்தான். யூடிபி போர்ட் (தரவு வந்து போகும் எண்ணிட்ட வாசல்) 5198, 5199 இரண்டின் தரவும் வெளியிலிருந்து உங்கள் கணினிக்கு வந்து சேர வேண்டும். டிசிபி போர்ட் 5200 வழியே தரவு வெளியே போனால் போதும். நிலையங்களின் பட்டியல் தெரிகிறது, ஆனால் யாருடனும் இணைய முடியவில்லை என்றால் அந்த யூடிபி வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டரைத் தொட முடியாத இடத்தில் பப்ளிக் பிராக்ஸியை (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் பொதுச் சர்வரை) தேர்ந்தெடுங்கள். ஒரு பிராக்ஸியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் விட்டுவிடுங்கள்.

முதலில் 9999ஐ அழையுங்கள். அது சோதனை சர்வர். நீங்கள் பேசியதை உங்களுக்கே திருப்பி ஒலிக்கும். குரல் கரகரத்தால் மைக் அளவைக் குறையுங்கள். கணினியில் ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டினால் பேச்சு தொடங்கும், மறுமுறை தட்டினால் நிற்கும். தட்ட மறந்தால் நீங்கள் இருமுவதையும் ஊரே கேட்கும்!

பட்டியலில் கால் சைனுக்குப் பின்னால் 'ஆர்' இருந்தால் ரிப்பீட்டர், 'எல்' இருந்தால் சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் ஒரே அலைவரிசையில் பேசும்) லிங்க். எதில் நுழைந்தாலும் உடனே பேசாதீர்கள், சற்றுக் கேளுங்கள். அங்கே யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். பேச்சைத் தொடங்கியபின் ஒரு விநாடி பொறுத்துக் கால் சைனைச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து டிரான்ஸ்மிட்டர் எழுந்திருக்க அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டால் முதல் எழுத்து விழுங்கப்படும். அடுத்தவர் முடித்ததும் இரண்டு மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். கையில் வாக்கி டாக்கியோடு அவசரச் செய்தி சொல்ல வருபவர் அந்த இடைவெளியில்தான் நுழைய முடியும். லிங்க்கைத் துண்டிக்க ரேடியோவிலிருந்து டிடிஎம்எஃப் (எண் பொத்தான்களின் ஒலி) கட்டளை அனுப்பவும் அதே இடைவெளிதான் வேண்டும். இதை மதிக்காதவர்களோடு நான் நீண்ட நேரம் பேசுவதில்லை.

முடிந்ததும் கால் சைன் சொல்லி, '73' (ஹாம்களின் 'வாழ்த்துகள்') சொல்லி, இணைப்பைத் துண்டியுங்கள். அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த ரிப்பீட்டரை உள்ளூர்க்காரர்கள் வேறு லிங்க்கோடு இணைக்க முடியாமல் திண்டாடுவார்கள்.