ஆள்காட்டிக் கூட்டைக் கண்காணிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோடை தொடங்கியதும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பொட்டல்களில் ஆள்காட்டிகள் முட்டையிட ஆரம்பித்துவிடும். ஈரம் மிச்சமிருக்கும் கண்மாய்ப் பக்கம் சிவப்பு மூக்கு ஆள்காட்டி. காய்ந்த செம்மண் மேட்டில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. பறவைகள் சரணாலயமான வேட்டங்குடியில் மரத்தில் கூடு கட்டும் நாரை, கொக்குகளுக்கு ஊரே காவல். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வைப்பதில்லை. தரையில் முட்டையிடும் பறவைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூட்டைக் கணக்கெடுக்க ஆசையோடு போகிறவரே பல நேரம் அதைக் கெடுத்துவிட்டு வருகிறார்.

இந்த வேலையில் நன்றாகத் தேறியவர்கள் ஆர்க்டிக்கில் ஆய்வு செய்கிறவர்கள். மார்கழியில் நம் கண்மாய்ச் சேற்றில் ஓடித் திரியும் கொசு உள்ளான் என்ற சிறு பறவை கூடு கட்டுவது வடகோடியில், ஆர்க்டிக் துந்திராவில்தான். அங்கே ஜூனில் பனி உருகினால் ஜூலைக்குள் முட்டையிட்டு அடைகாத்து முடித்தாக வேண்டும். மரமே இல்லாத வெட்டவெளி, தரைக்குழியில் நான்கு முட்டை, மோப்பம் பிடித்துத் திரியும் நரி. நம் பொட்டலிலும் இதே கதைதான். நரிக்குப் பதில் கீரி, நாய், காக்கை.

முதல் தவறு, பறவை கத்தும் இடத்தில் போய்த் தேடுவது. ஆள்காட்டி நம்மைத் தூரத்தில் பார்த்ததுமே ஓசைப்படாமல் எழுந்து, கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம்தான் பறந்து கத்தும். அதற்குள் கூடு எங்கேயோ இருக்கும். முட்டையும் செம்மண்ணில் கிடக்கும் கூழாங்கல் மாதிரிதான். தேடுகிற காலே அதை மிதித்துவிடும். நன்றாகப் பின்வாங்கி, ஒரு புதர் மறைவில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். பறவை நின்று நின்று நடந்து, கடைசியில் உடம்பை லேசாக அசைத்துத் தரையோடு அமரும். அதுதான் கூடு. ஆர்க்டிக்கில் இரண்டு பேர் நீளக் கயிற்றைத் தரையோடு இழுத்துப் பறவையை எழுப்புவார்கள். பெரிய பரப்பைக் குறைந்த நாளில் முடிக்க அவர்களுக்கு அந்த வழி. நமக்கு அது தேவையே இல்லை. ஆடு மேய்க்கும் அண்ணனிடம் கேட்டால் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்.

நேரம் தெரியாமல் போவது அடுத்தது. துந்திராவில் தாய்ப்பறவை எழுந்தால் முட்டை குளிர்ந்துவிடுமோ என்று பயம். இங்கே நேர்மாறு. சித்திரை வெயிலில் நிழலில்லாத செம்மண் தோசைக்கல்லாகக் காயும். ஆள்காட்டி அப்போது முட்டைக்கு மேல் நின்று நிழல் கொடுக்கும், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். அந்த நேரத்தில் போய்ப் படம் எடுக்க நின்றால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்துபோகும். காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள். ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கூட்டுக்குப் பக்கத்தில் குச்சி நடுவது, கல் அடுக்குவது, துணி கட்டுவது எல்லாம் காக்கைக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதுதான். பல தப்படி தள்ளி, ஏற்கெனவே கிடக்கும் ஒரு கல்லையோ பனங்கன்றையோ அடையாளமாக வைத்து, திசையையும் தப்படிக் கணக்கையும் நோட்டில் எழுதினால் போதும். கூடு வரை போய் அதே வழியில் திரும்பினால் நாய்க்குத் தடம் அங்கேயே முடியும். அதனால் கூட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருங்கள். காக்கை பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கிட்டேயே போக வேண்டாம்.

முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வயதைக் கணிக்கும் முறை ஆர்க்டிக்கில் சகஜம். புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும், நாளாக ஆக நிமிர்ந்து மேலே வரும். இதைப் படித்துவிட்டு இங்கே செய்து பார்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொந்தரவு செய்வதே குற்றமாகலாம். படத்தை இடத்தோடு சேர்த்து வாட்ஸப்பில் போடுவதும் வேண்டாம்.

கூட்டைக் கெடுக்காத தவறு ஒன்று இருக்கிறது. அது கணக்கைக் கெடுக்கும். கூடு காலியாக இருந்தால் உடனே ‘கீரி தின்றுவிட்டது’ என்று எழுதிவிடுகிறோம். ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் நடந்து போய்விடும், பெரிய ஓடுகளைப் பெற்றோரே அகற்றிவிடும். குழியின் அடியில் இருக்கும் சிறு கற்களுக்கு நடுவே அரிசி நொய் அளவுக்கு ஓட்டுச் சில்லுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் பெரும்பாலும் பொரித்திருக்கிறது. மஞ்சள் கரு ஒட்டிய பெரிய ஓடு கிடந்தால் தின்னப்பட்டிருக்கும். இரண்டும் இல்லையா, ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.

பத்துக் கூட்டில் ஐந்து பொரித்தால் வெற்றி 50 சதவீதம் என்று எழுதுவதும் தப்பு. முட்டையிட்ட மறுநாளே அழிந்த கூடுகள் நம் கண்ணில் படவே இல்லையே! 1961-இல் அமெரிக்கர் ஹெரால்ட் மேஃபீல்டு இதற்கு வழி சொன்னார்: கூடுகளை எண்ணாமல், ஒவ்வொரு கூட்டையும் கவனித்த நாட்களைக் கூட்டுங்கள். பத்துக் கூட்டையும் சேர்த்து 100 நாள் கவனித்து ஐந்து அழிந்தால், ஒரு நாளைக்கு 5 சதவீத இழப்பு. ஆள்காட்டி அடைகாப்பது ஏறத்தாழ 28 நாள். அத்தனை நாளும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 24 சதவீதத்துக்குள்தான் வரும். இந்தக் கணக்குப் போட, கூட்டைக் கண்ட தேதியும் ஒவ்வொரு முறை போன தேதியும் வேண்டும், ஒரு மாற்றமும் இல்லாமல் பறவை சும்மா உட்கார்ந்திருந்த நாள் உட்பட.