டீசல் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றதும் ஃபியூல் ஃபில்டரை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் அதைத் தொடாமலே விட்டிருப்பவர்களும் உண்டு. இரு சாராரும் செய்யும் பிழைக்கு அடிப்படை ஒன்றுதான்: பெட்ரோல் காரின் ஃபில்டருக்கும் டீசல் காரின் ஃபில்டருக்கும் ஒரே கணக்கு என்று எண்ணிவிடுகிறார்கள்.

இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்ப்புடன் சேர்ந்து இருக்கிறது. பல மாடல்களின் கையேட்டில் அதை மாற்றுவதற்கென்று கால அளவே குறிப்பிடப்பட்டிருக்காது. பம்ப்பின் அழுத்தத்தை அளந்து பார்க்காமல், ‘எதற்கும் மாற்றிவிடுவோம்’ என்று பின் சீட்டைத் தூக்கி டேங்கைத் திறப்பது வீண் செலவு. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கத் தொடங்கும். வெளியே தனி ஃபில்டர் உள்ள பழைய கார்களின் நிலை வேறு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதோடு பழைய டேங்கின் படிவுகளையும் இளக்கிவிடுவதால், அவற்றில் கையேடு சொல்லும் கெடுவைத் தாண்டவிடக் கூடாது. இன்ஜின் நின்ற பிறகும் அந்தக் குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்ட பின்னரே ஃபில்டரைக் கழற்ற வேண்டும்.

டீசல் காரில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. காமன் ரயில் இன்ஜினில், அதாவது எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஓர் உயர் அழுத்தக் குழாய் (ரயில்) உள்ள இன்ஜினில், டீசல் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குச் செல்கிறது. டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இன்ஜெக்டரின் உள்பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளியோ சில மைக்ரான்களே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலும், உயர் அழுத்தப் பம்ப்புக்கு மசகு எண்ணெயாக இருப்பதும் அந்த டீசல்தான். அதில் நீர் கலந்தால் பம்ப் தேயும், துருப் பிடிக்கும். ஆகவே டீசல் ஃபில்டருக்குத் தூசியைத் தடுப்பதோடு நீரைப் பிரித்து அடியில் தேக்கிவைக்கும் வேலையும் இருக்கிறது.

அந்த நீரை மறந்துவிடுவதைத்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஒரு மழைக்காலம் முடிந்ததும் கொல்லிமலைக்குப் போனபோது, 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் என் டீசல் காரின் பிக்கப் விழுந்துவிட்டது. இறங்கி வந்து ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்தோம். அடியில் இரண்டு விரற்கடை நீர், அதன்மேல் கலங்கிய டீசல், இரண்டும் சேருமிடத்தில் தேயிலைத்தூள் போலத் துரு. ஃபில்டரின் அடியில் வடிகால் திருகு உள்ள கார்களில், ஒவ்வொரு சர்வீஸிலும் இந்த நீரை வடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். டேஷ்போர்டில் நீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காமல் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

டீசல் ஃபில்டரை மாற்றும் கெடு மாடலுக்கு மாடல் வேறுபடும். பெரும்பாலும் 20,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் அமையும். கையேடு கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் சொல்லியிருந்தால், எது முந்துகிறதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், இழுவை குறைந்தாலே ஃபில்டர்தான் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போ ஹோஸ் கிழிந்திருந்தாலும், கிளட்ச் தேய்ந்திருந்தாலும் இதே குறைதான் தெரியும். ஸ்கேனரில் ரயில் அழுத்தக் குறைவைக் காட்டும் பி0087 (P0087) என்ற பிழைக் குறியீடு வந்திருந்தால் ஃபில்டரைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

மாற்றும் முறையிலும் பிழைகள் நேர்கின்றன. புதிய ஃபில்டர் சீக்கிரம் நிரம்பட்டும் என்று, கேனில் இருக்கும் டீசலை அதன் வெளியேறு துளை வழியாக ஊற்றுவார்கள். அந்தத் துளை வடிகட்டலைத் தாண்டிய பக்கம். அதில் விழும் ஒரு துகள் நேரே பம்ப்புக்குப் போய்ச் சேரும். அடுத்தது, ஏர் எடுக்காமலே, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமலே தொடர்ந்து செல்ஃப் அடிப்பது: பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வதைபடுவது ஒருபுறமிருக்க, டீசல் வந்து சேராத உயர் அழுத்தப் பம்ப் மசகின்றிச் சுழல்கிறது. டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கை பிரைமர் இருந்தால் அது இறுகும்வரை அழுத்த வேண்டும். டேங்கில் மின் பம்ப் உள்ள கார்களில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியைச் சில முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். பழைய ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது; அதன் தாள் மடிப்பு கிழிந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டரின் மூட்டுகளை உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் டீசல் ஈரம் தெரிந்தால் ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை என்று பொருள்; வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.