சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் செய்யக்கூடாதவை

கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் (மறைவு 1926), விக்டோரியா டெர்மினஸைக் கட்டிய எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் (மறைவு 1900) இருவரும் அடக்கமாகியிருப்பது மும்பை சிவ்ரியின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில். மாட்டுங்கா, தாராவித் தமிழர்களுக்கு ரொம்பத் தூரமில்லை. ஆனாலும் இந்த இரண்டு பேரை மட்டும் தேடி வந்து, யாரிடமும் கேட்காமல் வெயிலில் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. நேரே ஆபீசுக்குப் போய் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

பெரிய தவறு, எழுத்து தெரியவில்லை என்று கல்லைத் தேய்ப்பது. சாக்பீஸ், பவுடர், கம்பி பிரஷ், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். பளிங்கு சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்டால் அரிக்கும். பழைய பளிங்குப் பலகைகள் பலவற்றில் எழுத்தை வெட்டி, உள்ளே ஈயத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். ஈயம் பிடித்து நிற்க அடியில் சின்னச் சின்னத் துளை போடுவது வழக்கம். ஈயம் உதிர்ந்த இடத்தில் அந்தத் துளைகளின் வரிசையை வைத்தே எழுத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிழலாக இருந்தால் ஒரு கைக்கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பினால் போதும்.

உடைந்த தூண் மாதிரி ஒன்று நிற்கும். யாரோ உடைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இளம் வயதில் முடிந்த வாழ்வுக்கு அப்படித்தான் செதுக்குவார்கள். ஆனால் சாய்ந்து நிற்கும் கற்கள் நிஜமாகவே சாய்ந்தவை. அவற்றில் கை ஊன்றுவதும், குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பதும் ஆபத்து.

இது மியூசியம் இல்லை, இன்றைக்கும் அடக்கம் நடக்கிற இடம். ஏதாவது குடும்பம் நிற்கிறதா, கேமராவை உள்ளே வையுங்கள். சுவரில் வரிசையாக உள்ள சின்ன மாடங்களை அலமாரி என்று நினைத்துப் பையை வைக்கிறார்கள், பாவம். இடப் பற்றாக்குறையால், புதைத்த குழியிலிருந்து பிறகு எடுத்த எலும்புகளைச் சேர்த்து வைக்கும் இடம் அது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று உறவினர்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாகத் திரண்டு வருவார்கள். சரித்திரம் பார்க்க அந்த நாள் வேண்டாம். மழைக்காலமும் சரிப்படாது: பாசி வழுக்கும், புல்லுக்குள் பாம்பு இருக்கலாம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. அப்படியே சிவ்ரி சேற்றுக் கரைக்குப் போனால் பூநாரைகளையும் பார்க்கலாம்.